கடைப் பூனையும் சுத்தமும்

அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் இடத்திற்கு எலி வராமல் இராது. எலிக்கு அஞ்சிப் பூனை வளர்ப்பது நம் வியாபாரிகளிடையே நெடுநாளாக இருந்து வரும் வழக்கம். கடையில் மட்டுமல்ல, வீட்டிலும் பிள்ளைகளின் பிரியத்திற்காகப் பூனை வளர்ப்போர் பலர். இது நல்ல விஷயமே. ஆனால் பூனை வளர்க்கும் எல்லோரும் அதைச் சுத்தமாக வைத்திருக்கும் முறையை அறிந்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

சில கடைகளில் நுழைந்ததும் ஒருவித நெடி மூக்கைத் துளைக்கும். வந்த வாடிக்கைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். வாங்க வந்ததில் பாதியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார். கடைக்காரருக்கோ அந்த வாடையே தெரியாது. காலை முதல் இரவு வரை அங்கேயே இருப்பதால் அவருடைய மூக்கு பழகிப் போயிருக்கும். யாரேனும் எடுத்துச் சொன்னால் உடனே சாம்பிராணி போடுவார். அல்லது வாசனைத் தண்ணீர் வாங்கித் தெளிப்பார். நாற்றத்தின்மேல் நறுமணத்தைப் போடுவது, கொடுக்க வேண்டிய கடனைப் பேரேட்டில் எழுதாமல் விடுவதைப் போன்றது. எழுதாமல் விட்டதனால் கடன் தீர்ந்துவிடாது. நாற்றத்தை மறைப்பது சுத்தம் ஆகாது. அதன் மூலத்தை அகற்றுவதே சுத்தம். இதைத்தான் இப்பாடத்தில் விளக்க முற்படுகிறோம்.

மார்க்கம் கூறுவது

பூனை அசுத்தப் பிராணி அல்ல. கபுஷா என்னும் பெண்மணி தம் மாமனாரான அபூகதாதா (ரலி) அவர்களுக்கு ஒளுச் செய்யத் தண்ணீர் வைத்தார். அப்போது ஒரு பூனை வந்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்து அது குடிக்கும்படி பிடித்துக்கொண்டார்கள். மருமகள் வியப்புடன் பார்ப்பதைக் கண்டு, பூனை நஜீஸ் அல்ல என்றும், அது நம்மைச் சுற்றி வந்துகொண்டிருக்கும் பிராணிகளில் ஒன்று என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூது, திர்மிதி ஆகிய நூல்களிலும் இச்செய்தி வந்துள்ளது.

இதைக் கேட்டுவிட்டு, பூனையைச் சேர்ந்த எல்லாமே சுத்தம் என்று சிலர் எண்ணிக் கொள்கிறார்கள். அது தவறு. பூனையின் உடல் சுத்தம். ஆனால் அதன் சிறுநீரும் மலமும் ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் நஜீஸே. தொழுகைப் பாயிலோ, உடுத்தும் கைலியிலோ அவை பட்டால் கழுவியாக வேண்டும். ஷாபிஈ நூல்களில் கழுவும் முறையும் சொல்லப்பட்டிருக்கிறது. அசுத்தப் பொருளை முதலில் அகற்ற வேண்டும். பிறகு அதன் சுவை, நிறம், மணம் ஆகியவை நீங்கும்படி தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். முயன்று கழுவிய பின்னும் நிறம் மட்டுமோ, மணம் மட்டுமோ நீங்காமல் நின்றால் அது மன்னிக்கப்படும். நிறமும் மணமும் சேர்ந்தே நின்றால் மன்னிப்பில்லை.

கவனியுங்கள் சகோதரர்களே! நாற்றம் இருப்பது அசுத்தம் இன்னும் போகவில்லை என்பதற்கு ஓர் அடையாளமாகவே நம் சட்டநூல்களில் எண்ணப்படுகிறது. அந்த இடத்தில் அத்தரை ஊற்றினால் மூக்கை ஏமாற்றலாம். தொழும் இடம் சுத்தமாகிவிடாது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

உடல்நலமுள்ள பூனையின் மேனியில் நாற்றம் இராது. தன் நாவினால் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வது அதன் இயல்பு. ஆகவே நாற்றம் அடித்தால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: கழிக்கும் இடம் சுத்தமாக இல்லை, அல்லது கடுவன் பூனை எல்லை குறிக்கிறது, அல்லது பூனைக்கு நோய் கண்டிருக்கிறது.

பூனையின் சிறுநீர் மிகவும் செறிவானது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. கண்ணைக் கரிக்கச் செய்யும் நெடி இதுவே. இதைத் தவிரப் பூனைக்கே உரிய வேறொரு வாடையும் உண்டு. ‘காக்சின்’ என்னும் ஒரு புரதம் பூனையின் சிறுநீரில் மிகுதியாக இருக்கிறது என்றும், ‘பெலினின்’ என்னும் பொருள் உண்டாவதற்கு அது துணை செய்கிறது என்றும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2006-ஆம் ஆண்டில் விளக்கினர். பெலினினுக்கு முதலில் வாடை இல்லை. நேரம் செல்லச் செல்ல அது சிதைந்து, கந்தகம் கலந்த நாற்றப் பொருளாக மாறுகிறது. காலையில் தெரியாத நாற்றம் மாலையில் கடையை நிறைப்பது இதனால்தான். காயடிக்காத கடுவனின் சிறுநீரில் இப்பொருள் மிக அதிகம்.

ஆக, பூனை நனைத்த இடத்தை உடனே கவனித்தால் வேலை எளிது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் வேலை பத்து மடங்காகும்.

மணல் தட்டு

பூனை தன் கழிவை மூடி மறைக்க விரும்பும் பிராணி. அதற்கு வசதியான இடத்தை நாம் கொடுத்தால் அங்கேயே போகும். கொடுக்காவிட்டால் சாக்கு அடுக்கின் மூலையை அது தேடிக்கொள்ளும்.

முற்காலத்தில் மணல், சாம்பல், மரத்தூள் ஆகியவற்றைத் தட்டில் இட்டு வைப்பார்கள். இப்போது கடைகளில் கிடைக்கும் களிமண் துகளுக்கு ஒரு வியாபாரக் கதை உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பவர் தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான களிமண் துகளை விற்று வந்தார். 1947-ஆம் ஆண்டில் அக்கம் பக்கத்துப் பெண்மணி ஒருவர் தம் பூனைத் தட்டுக்கு மணல் கேட்டு வந்தார். லோ மணலுக்குப் பதிலாகக் களிமண் துகளைக் கொடுத்தனுப்பினார். அது ஈரத்தை நன்கு உறிஞ்சவே, அப்பெண்மணி மறுபடியும் அதையே கேட்டு வந்தார். லோ அதைப் பைகளில் அடைத்துப் பெயரெழுதி விற்பனைக்குக் கொண்டுபோனார். மலிவான மணல் இருக்கும்போது இதற்கு யார் பணம் கொடுப்பார் என்று கடைக்காரர் சந்தேகித்தார். முதலில் இனாமாகவே கொடுங்கள் என்றார் லோ. வாங்கிப் போனவர்கள் பணம் கொடுத்து வாங்கத் திரும்பி வந்தார்கள். பெரியதொரு தொழில் அதிலிருந்து பிறந்தது. வாடிக்கைக்காரரின் சிறு தொல்லையைக் கவனித்தவருக்குக் கிடைத்த பலன் இது.

தட்டு விஷயத்தில் கவனிக்க வேண்டியவை:

1. தட்டு, பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். துகள் 2 அங்குல ஆழத்திற்குக் குறையாமல் இருக்கட்டும்.

2. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வையுங்கள். ஒரு பூனைக்கு 2 தட்டு. இரு பூனைக்கு 3 தட்டு.

3. காலையில் கடை திறந்ததும் ஒருமுறை, இரவு மூடுமுன் ஒருமுறை கட்டிகளையும் மலத்தையும் அள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். சாக்கடையிலோ கழிவறையிலோ கொட்டலாகாது, குழாய் அடைத்துக்கொள்ளும்.

4. வாரம் ஒருமுறை துகள் முழுவதையும் கொட்டிவிட்டு, வாசனையில்லாத சோப்பினால் தட்டைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் உபயோகித்த பிளாஸ்டிக் தட்டின் கீறல்களில் வாடை ஏறிவிடும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குவதே மேல்.

5. சரக்கு இருக்கும் இடம், தொழும் இடம், பூனை தின்னும் இடம் ஆகிய மூன்றுக்கும் தொலைவாக, காற்றோட்டமுள்ள மூலையில் தட்டை வையுங்கள்.

6. கர்ப்பிணிப் பெண்கள் தட்டைச் சுத்தம் செய்வதைத் தவிர்க்க வேண்டும். பூனையின் மலத்தில் ‘டாக்சோபிளாஸ்மா’ என்னும் நுண்ணுயிர் இருக்கக் கூடும். வயிற்றிலுள்ள குழந்தைக்கு அதனால் தீங்கு நேரலாம். அது வெளிவந்து 1 முதல் 5 நாட்களுக்குப் பிறகே தொற்றும் வன்மை பெறுகிறது. நாள்தோறும் அள்ளிவிடுவது இந்த வகையிலும் பாதுகாப்பாகும். யார் அள்ளினாலும் பின்னர்க் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

தரையிலும் சுவரிலும் பட்டால்

முதலில் பழைய செய்தித்தாளையோ துணியையோ அழுத்தி வைத்து ஈரத்தை உறிஞ்சி எடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் பரவும். பிறகு தண்ணீர் ஊற்றி மறுபடியும் உறிஞ்சுங்கள். அடுத்து, வளர்ப்புப் பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் கலந்த சுத்தி நீரை ஊற்றி, புட்டியில் எழுதியிருக்கும் நேரம்வரை விட்டுவையுங்கள். நாற்றம் தரும் பொருள்களை அந்த என்சைம் சிதைத்துவிடும். அதற்குமேல் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, விசிறிக் காற்றில் உலர விடுங்கள். கடைசியில் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிடாதீர்கள். நாற்றம் போவதற்கு என்சைம் உதவும். நஜீஸ் நீங்குவதற்குத் தண்ணீர் வேண்டும்.

பழைய கறை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையா? பணமாற்றுக் கடைகளில் கள்ள நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு இருக்குமல்லவா? இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, அதைத் தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் பிடித்துப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சளாக ஒளிரும். அவ்விடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு கழுவலாம்.

சரக்கில் பட்டால்

இதுதான் வியாபாரிக்குச் சோதனையான இடம். காலையில் வந்து பார்த்தால் ஓர் அரிசி மூட்டையின் ஓரம் நனைந்திருக்கிறது. மேலே இருக்கும் அரிசி நன்றாகத்தான் இருக்கிறது. நனைந்த பாகத்தை மட்டும் அள்ளிவிட்டு மற்றதை விற்றால் யாருக்குத் தெரியும் என்று மனம் சொல்லும்.

ஒரு சம்பவத்தை நினைவிற் கொள்வோம். விற்பனைக்கு வைத்திருந்த ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சமாதானம் சொன்னார். அப்படியானால் மக்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று நாயகம் அவர்கள் எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் காணப்படும் இந்தச் செய்தியை அறிவித்தவர் அபூஹுரைரா (ரலி) அவர்கள். ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்னும் பொருள்படும் பெயரால் அறியப்பட்ட அதே ஸஹாபியே அவர்!

மழைநீரில் நனைந்த தானியத்திற்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், பூனையின் சிறுநீர் பட்ட அரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அந்த மூட்டையை விற்பனையிலிருந்து நீக்கிவிட வேண்டியதுதான். ஒரு மூட்டையின் விலை நஷ்டம் ஒருநாளில் ஈடாகும். கடையின் பேரில் உள்ள நம்பிக்கை போனால் ஈடாகாது. மூடிய டின்களில் பட்டிருந்தால் சோப்பிட்டு நன்கு கழுவித் துடைத்து வைக்கலாம். இத்தகைய நஷ்டம் வராதிருக்க, மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். திறந்த சாக்குகளுக்குப் பதில் மூடியுள்ள பெட்டிகளை உபயோகியுங்கள். இரவில் பூனையைச் சரக்கறைக்குள் அடைக்காதீர்கள். சரக்கை இப்படிப் பாதுகாத்தால் எலியின் தொல்லையும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

சாப்பாட்டுக் கடை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. சமையலறையிலும் உணவு பரிமாறும் இடத்திலும் பூனைக்கு இடமே கிடையாது. எவ்வளவு சுத்தமான பூனையானாலும் சரியே.

கடுவன் பூனை

சுவரிலும் மூட்டையிலும் பின்புறத்தைக் காட்டி நின்று, வாலை நடுக்கிப் பீச்சுவது கடுவனின் பழக்கம். இது சிறுநீர் கழிப்பதற்காக அல்ல. இந்த இடம் என்னுடையது என்று மற்றப் பூனைகளுக்குத் தெரிவிப்பதற்காக. அடித்தாலும் விரட்டினாலும் இது நிற்காது. காயடித்துவிட்டால் பத்துக் கடுவன்களில் ஏறத்தாழ ஒன்பது இப்பழக்கத்தை விட்டுவிடும்; சிறுநீரின் கடுமையும் குறையும். பெட்டைப் பூனைக்கும் கருத்தடை செய்தால், வளர்க்க முடியாத குட்டிகளைக் கடைத்தெருவில் கொண்டுபோய் விடும் பாவம் நேராது.

இது மார்க்கத்தில் கூடுமா என்று சிலர் தயங்குகிறார்கள். முற்கால நூல்களில் கருத்து வேறுபாடு இருப்பது உண்மை. தேவை இருந்தால் கூடும் என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மார்க்க அறிஞர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். ஐயமுள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிம்களைக் கேட்டுத் தெளிவு பெறலாம்.

குளிப்பாட்டலாமா?

குட்டை மயிர்ப் பூனைக்கு அடிக்கடி குளியல் தேவையில்லை. வாரம் ஒருமுறை சீப்பினால் வாரிவிட்டால் போதும். உதிர்ந்த மயிரும் அழுக்கும் வந்துவிடும். நெடுமயிர்ப் பூனையைத் தினமும் வார வேண்டும். எண்ணெய், நெய், மண்ணெண்ணெய், சாயம் ஏதேனும் மேனியில் பட்டுவிட்டால் உடனே குளிப்பாட்ட வேண்டும். இல்லையேல் நக்கி விழுங்கிவிடும். வெதுவெதுப்பான நீரும், பூனைக்கென்றே விற்கும் ஷாம்பூவும் உபயோகியுங்கள். மனிதருக்கான ஷாம்பூ அதன் தோலுக்கு ஒத்துவராது. காதிலும் கண்ணிலும் நீர் புகாமல் பார்த்துக்கொண்டு, துணியால் நன்றாகத் துவட்டிவிட வேண்டும்.

தீனியும் வாடையும்

கடையில் மிஞ்சிய குழம்புச் சோற்றைப் பூனைக்குப் போடுவது வழக்கமாக இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும் விஷம். பசும்பாலும் டின்பாலும் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது, வயிறு போகும், நாற்றமும் மிகும். பூனைக்கென்று தயாரித்த தீனியைக் கொடுத்து, எப்போதும் நல்ல தண்ணீர் வையுங்கள். மசாலாவும் முள்ளும் இல்லாத வேகவைத்த மீனை இடையிடையே சிறிது கொடுக்கலாம். தின்று மிஞ்சியதை அரைமணியில் எடுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிவிட்டால் எறும்பும் ஈயும் வாரா.

வைத்தியரிடம் காட்ட வேண்டியவை

எவ்வளவு சுத்தம் செய்தும் நாற்றம் போகவில்லையானால் பூனைக்கு நோய் இருக்கலாம். வாய் நாறினால் பல்லிலும் ஈறிலும் கோளாறு. காது நாறி, கறுப்பு அழுக்கு வந்தால் காதுப் பூச்சியோ புண்ணோ இருக்கலாம். பருத்த பூனையும் வயது முதிர்ந்த பூனையும் தம் உடலை நக்கிச் சுத்தம் செய்ய முடியாமல் திணறும். ஒழுங்காகத் தட்டில் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று கண்ட இடத்தில் போனால், அதைக் குறும்பு என்று எண்ணி அடிக்காதீர்கள். சிறுநீர்ப் பையில் நோயாக இருக்கலாம். ஆண் பூனை அடிக்கடி தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். குழாய் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாட்களில் உயிரே போய்விடும்.

செய்யத்தகாதவை

தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளைப் பூனை நடமாடும் இடத்தில் ஊற்றாதீர்கள். அவற்றில் பலவற்றிலுள்ள பீனால் வகை மருந்துகளைப் பூனையின் ஈரலால் முறிக்க இயலாது. பாதத்தில் பட்டதை நக்கியே நோயில் விழும். அந்துருண்டை, யூகலிப்டஸ் தைலம் ஆகியவையும் அதற்கு விஷமே. நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். பெர்மெத்ரின் கலந்ததாயின் உயிருக்கு ஆபத்து. சிறுநீர் கிடக்கும் இடத்தில் குளோரின் வெளுப்பு நீரை ஊற்றினால், அம்மோனியாவுடன் சேர்ந்து நச்சுக்காற்று கிளம்பும். அது நமக்கே தீங்கு.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்க அனுமதி இல்லாதிருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமம் பெற்று ஒரு வீட்டில் 2 பூனைகள் வரை வளர்க்க இடமளிக்கப்பட்டது. பூனையின் உடலில் அடையாளச் சில்லும் பொருத்தியிருக்க வேண்டும். அண்டை வீட்டாருக்கு நாற்றத்தால் தொல்லை கொடுக்காமல் இருந்தால்தான் இத்தகைய சலுகைகள் நிலைக்கும். அண்டை வீட்டாரின் உரிமையை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி கொடுக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்திற்குரியவள் ஆனாள் என்று ஹதீஸில் வந்துள்ளது. ஊருக்குப் புறப்படும் வியாபாரிகள் கடைச்சாவியை ஒப்படைக்கும்போதே பூனையின் தீனிக்கும் தண்ணீருக்கும் தட்டிற்கும் பொறுப்பாக ஒருவரை நியமித்துவிட்டுப் போக வேண்டும். கடையைச் சாத்திவிட்டுப் பூனையை மறந்து போவது பெரும் பாதகம்.

இன்று இரவு கடையைச் சாத்துமுன், வெளியார் ஒருவரை அழைத்து, உள்ளே ஏதேனும் வாடை வருகிறதா என்று கேளுங்கள். ஆம் என்று அவர் சொன்னால் சாம்பிராணியைத் தேடாதீர்கள். விளக்கையும் துணியையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, அந்த வாடை கிளம்பும் இடத்தைத் தேடுங்கள்.